சுகருக்கும் விந்தணுவுக்கும் ஒரே காப்சூலா? தொண்டித் தம்பிக்கு ஒரு பதில்

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 33, சவுதியில் டிரைவர் வேலை, இரண்டு மாத விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறார். கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. இவருக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 9.1, விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 1 கோடியே 10 லட்சம், அசைவு 22 சதவீதம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி. மாத்திரை இரண்டு வேளை சாப்பிடுகிறார். சொந்தக்காரர் ஒருவர் ஒரு மூலிகைச் சாற்றுக் காப்சூல் டப்பாவைக் கொடுத்து, "சுகரும் இறங்கும், கவுண்ட்டும் ஏறும், இங்கிலீஷ் மாத்திரையை விட்டுவிடு" என்று சொல்லியிருக்கிறார். மாத்திரையை விடலாமா, இந்த மூலிகைகள் உண்மையிலேயே வேலை செய்யுமா, இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஏதாவது ஆகுமா, கடல் சரக்கு உதவுமா என்பதுதான் அவர் கேள்வி.

தம்பி, மாத்திரையை விடாதீர்கள். அந்த டப்பாவையும் இப்போதைக்குத் திறக்காதீர்கள். நான் மூலிகையை நம்பாத ஆள் இல்லை. சித்த மருத்துவம் படித்து, இருபது வருடத்துக்கு மேலாக இதே கடற்கரையில்தான் வைத்தியம் பார்க்கிறேன், தினமும் சூரணம் எழுதிக் கொடுக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், எந்தச் செடி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் அடைத்து விற்பவர்களால் உங்களைப் போன்றவர்கள் இழப்பது பணத்தை மட்டுமல்ல, நாளையும்தான். உங்களுக்கு நாள் குறைவு.

முதலில் உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள இரண்டு எண்களும் தனித்தனி நோய் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருக்கும்போது அது ஆணுடம்பைப் பல வழியில் கெடுக்கிறது. மெல்லிய ரத்தக் குழாய்களும் நரம்புகளும் பழுதாவதால் விறைப்பு குறைகிறது, இது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாத ஒன்று, சிறுநீர்ப்பையின் வாய்த் தசையைக் கட்டுப்படுத்தும் நரம்பு தளர்ந்துவிட்டால் விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். "வர்றதே ரொம்பக் கம்மியா இருக்கு டாக்டர்" என்று சொல்பவர்களில் சிலருக்கு உற்பத்தியில் குறை இருக்காது, வழி மாறிப் போயிருக்கும். உறவுக்குப் பிறகு வரும் முதல் சிறுநீரைச் சோதித்தால் அதில் விந்தணு இருக்கிறதா என்று லேபில் சொல்லிவிடுவார்கள், எளிமையான சோதனை, ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் விந்தின் அளவு எவ்வளவு என்று எழுதவில்லை, அதைப் பாருங்கள். 1.4 மில்லிலிட்டருக்குக் குறைவாக இருந்தால் இந்தச் சோதனையைக் கட்டாயம் கேளுங்கள்.

அடுத்தது டெஸ்டோஸ்டிரோன். இரண்டாம் வகை நீரிழிவோடு தொப்பையும் சேர்ந்தவர்களுக்கு இந்த ஹார்மோன் அடிக்கடி குறைந்திருக்கும். அதைவிட நுட்பமான சேதம் ஒன்று உண்டு. சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் ஆக்ஸிஜன் சார்ந்த நச்சுப் பொருள்கள் அதிகமாக உண்டாகி விந்தணுவின் டி.என்.ஏ.வையே அறுத்துவிடும். எண்ணிக்கையும் அசைவும் பார்க்க நன்றாக இருந்தாலும் கரு தங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே உங்கள் விஷயத்தில் விந்தணுவுக்கான முதல் மருந்து சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதுதான். 9.1ஐ 7க்குக் கீழே கொண்டுவருவதை விட்டுவிட்டு விந்து விருத்திக்கு என்று அமுக்கராவும் (அஸ்வகந்தா) பூனைக்காலியும் தின்றுகொண்டிருப்பது, ஓட்டைப் படகில் ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் இறைப்பதுதான்.

இப்போது நாள் கணக்குக்கு வருகிறேன், இதுதான் நீங்கள் மனதில் பதிய வைக்க வேண்டியது. ஒரு விந்தணு விரையில் உருவாக ஏறக்குறைய 74 நாள், அது முதிர்ந்து நகர்ந்து வெளியே வர மேலும் பத்துப் பதினைந்து நாள். ஆக மொத்தம் மூன்று மாதம். எச்பிஏ1சியும் மூன்று மாதக் கணக்குதான், சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால் அது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்கிறது. அதாவது இன்று நீங்கள் தொடங்கும் எந்த நல்ல காரியமும், மருந்தோ நடையோ உணவோ, மூன்று மாதம் கழித்துத்தான் இரண்டு ரிப்போர்ட்டிலும் தெரியும். நம் பக்கத்து மீனவர்கள் பலர் ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் என்னிடம் வருவார்கள், படகு ஏறும்முன் குழந்தை நிற்க வேண்டும் என்பார்கள். தடைக்காலம் 61 நாள். ஒரு விந்தணு முழுதாக உருவாகக்கூட அது போதாது. உங்கள் இரண்டு மாத விடுப்பும் அப்படித்தான். "முப்பது நாளில் பலன்" என்று எந்த டப்பாவில் எழுதியிருந்தாலும், எழுதியவருக்கு விந்தணு எப்படி உருவாகிறது என்றே தெரியாது, இல்லை தெரிந்தே எழுதியிருக்கிறார்.

சரி, சர்க்கரைக்கான செடிகள். நான் அதிகம் மதிப்பது சிறுகுறிஞ்சான், சர்க்கரைக்கொல்லி என்று எல்லோரும் சொல்வது. பச்சை இலை இரண்டை நன்றாக மென்று துப்பிவிட்டு ஒரு கரண்டி சீனியை வாயில் போட்டுப் பாருங்கள், மணலைத் தின்பது போலிருக்கும். அதிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களை அடைத்துவிடுகின்றன, குடலிலும் சர்க்கரை உறிஞ்சப்படுவதை ஓரளவு குறைக்கின்றன என்று தெரிகிறது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேருக்கு இதன் இலைச் சாற்றை நாளுக்கு 400 மி.கி. வீதம் 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். அவர்களில் 5 பேரால் வழக்கமான மாத்திரையை நிறுத்த முடிந்தது. இதை எல்லா விளம்பரத்திலும் சொல்வார்கள். ஆனால் அந்த 22 பேரும் மாத்திரையை விட்டுவிட்டுத் தொடங்கவில்லை, மாத்திரையோடு சேர்த்துத்தான் சாப்பிட்டார்கள், 17 பேருக்கு மாத்திரை தேவைப்பட்டுக்கொண்டேதான் இருந்தது, ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரை கொடுத்த குழுவும் இல்லை. இதை யாரும் சொல்வதில்லை.

கடலழிஞ்சில் அடுத்தது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இதைக் கொத்தல ஹிம்புட்டு என்பார்கள், இந்த மரத்தில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது அங்கே பழைய வழக்கம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் குடல் நொதியை இதிலுள்ள சலாசினால், கொடலனால் என்ற பொருள்கள் தடுக்கின்றன, சர்க்கரைக்கான அகார்போஸ் மாத்திரை செய்வதும் இதே வேலைதான். இலங்கையில் 51 பேரிடம் மூன்று மாதம் இதன் தேநீரைக் கொடுத்து, இன்னொரு மூன்று மாதம் வெற்றுத் தேநீரைக் கொடுத்து முறையாக ஒப்பிட்டார்கள். எச்பிஏ1சியில் வித்தியாசம் வந்தது, ஆனால் அரைப் புள்ளிக்கும் குறைவு. உங்களுடையது 9.1. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆவாரை நம் ஊரில் ரோட்டோரமெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சொன்ன ஊர் இது. ஆவாரை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை எல்லாம் சேர்ந்த ஆவாரைக் குடிநீரை மதுமேகத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, நாங்கள் இன்றும் கொடுக்கிறோம், நானும் கொடுக்கிறேன், தாகமும் அசதியும் குறைவதாக நோயாளிகள் சொல்கிறார்கள். ஆனால் மாத்திரைக்குப் பதிலாக யாருக்கும் கொடுத்ததில்லை. வெந்தயத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், அதன் நார்ச்சத்து ஊறிக் குழைந்து சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கிறது, விலையும் குறைவு, கலப்படம் செய்ய ஆளில்லை.

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். "இங்கிலீஷ் மாத்திரை" என்று நீங்கள் விடப் பார்க்கும் மெட்ஃபார்மினுக்கும் பூர்வீகம் ஒரு செடிதான். ஐரோப்பாவில் ஆட்டுத்தீவனமாகக் கிடந்த கலேகா என்ற செடியைப் பழைய வைத்தியர்கள் அதிக சிறுநீர்ப் போக்குக்குக் கொடுத்து வந்தார்கள். அதிலிருந்த கலெகின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது. அந்த வகைப் பொருளை மாற்றி மாற்றிச் செய்து 1922இல் மெட்ஃபார்மினை உருவாக்கினார்கள், 1957இல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் மனிதர்களுக்குக் கொடுத்துப் பலன் சொன்னார். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகளுக்கும் மூலம் ஆப்பிள் மர வேர்ப்பட்டையில் 1835இல் கண்ட ஃப்ளோரிசின்தான். செடிக்கும் மாத்திரைக்கும் பகை என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அளவும் நஞ்சும் சோதிக்கப்பட்ட செடிச்சரக்கு ஒன்று உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது, அதை விட்டுவிட்டு அளவே தெரியாத சரக்குக்குப் போவானேன்?

அளவு என்றதும் எலி ஆய்வுகள் ஞாபகம் வருகின்றன. டப்பாவோடு வந்த தாளில் "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று இருக்கும். பெரும்பாலும் அது ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற மருந்தை ஊசி போட்டுக் கணையத்தைச் சிதைத்த எலி. அந்த எலிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 400 மி.கி. சாறு கொடுத்திருப்பார்கள். எலி அளவை மனித அளவாக்க 6.2ஆல் வகுக்க வேண்டும், கிலோவுக்கு ஏறக்குறைய 65 மி.கி. வரும், 70 கிலோ ஆளுக்கு நாளுக்கு நாலரை கிராம் சாறு. பத்துப் பங்கு காய்ந்த இலையிலிருந்து ஒரு பங்கு சாறு கிடைக்கிறது என்று வைத்தால் தினமும் 45 கிராம் காய்ந்த இலை. உங்கள் காப்சூல் 500 மி.கி. என்றால் நாளுக்கு 9 விழுங்க வேண்டும். டப்பாவில் நாளுக்கு இரண்டு என்று போட்டிருப்பார்கள். இன்னொன்று, தண்ணீரில் எடுத்த சாறும் மெத்தனாலில் எடுத்த சாறும் ஒன்றல்ல. ஆய்வில் மெத்தனால் சாறு வேலை செய்தது என்றால் உங்கள் அம்மா கொதிக்க வைத்துத் தரும் கஷாயமும் அதையே செய்யும் என்று அர்த்தமில்லை.

மாத்திரையோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று சரியும் அபாயம் குறைவு. இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலின் ஊசியோ சேர்ந்தால் கதை வேறு. என் சித்தப்பா பாம்பனில் விசைப்படகுக்குப் போனவர். சுகருக்கு கிளிமெபிரைடு சாப்பிட்டுக்கொண்டே யாரோ சொன்னார்கள் என்று சிறுகுறிஞ்சான் பொடியைக் காலையில் இரண்டு கரண்டி சேர்த்துக்கொண்டார், யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. நடுக்கடலில் வலை இழுக்கும்போது வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி விழுந்துவிட்டார். கூட இருந்தவர்கள் நெஞ்சுவலி என்று நினைத்துப் படகைத் திருப்பப் பார்த்தார்கள். அதில் ஒரு பையனுக்கு அவன் அப்பாவைப் பார்த்த பழக்கம், கருப்பட்டியை நுணுக்கித் தண்ணீரில் கரைத்து, அவர் விழுங்கும் நிலையில் இருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தான், கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். நீங்கள் ஓட்டுவது லாரியோ காரோ, பாலைவன ரோட்டில் ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது இது வந்தால் யார் கருப்பட்டி கொடுப்பது? அதனால் சவுதியில் உங்கள் டாக்டர் மாத்திரையை மாற்றினால், நீங்கள் எந்தப் பொடி சாப்பிட்டாலும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கருப்பட்டி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், சாயல்குடிப் பக்கத்து ஆட்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். "கருப்பட்டி சுகர்காரனுக்கு ஒன்றும் செய்யாது" என்பது தவறு. சத்துகள் கொஞ்சம் கூடுதல், மணம் அருமை, ஆனால் அதில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். சித்தப்பாவை எழுப்பி உட்கார வைத்தது அதுதானே.

இதிலிருந்து நேராக ஆண்மை மருந்துகளுக்கு வரலாம், ஏனென்றால் இங்கேதான் பெரிய சிக்கல். விந்து விருத்திக்கு என்று நம் மரபில் உள்ளவை பெரும்பாலும் இளகங்கள். பூனைக்காலி, சாலாமிசிரி, தண்ணீர்விட்டான் கிழங்கு, தேற்றான்கொட்டை எதுவானாலும் சரி, லேகியம் என்றாலே சர்க்கரையோ கருப்பட்டியோ பாகு வைத்து நெய்யும் தேனும் ஊற்றிக் கிண்டியது. அமுக்கரா சூரணத்தில்கூட கிராம்பு, ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கோடு சர்க்கரையும் ஒரு சரக்கு, பலருக்கு இது தெரியாது. எச்பிஏ1சி 9.1 உள்ளவர் காலை மாலை நெல்லிக்காய் அளவு லேகியம் தின்றால் விந்தணுவுக்காக விந்தணுவைக் கெடுப்பதாகிவிடும். உங்களுக்கு எது கொடுத்தாலும் சர்க்கரை சேராத தனிச் சூரணமாகத்தான் கொடுக்க வேண்டும்.

அமுக்கராவுக்கு மனித ஆய்வு உண்டு. 2013இல் வெளிவந்த ஒன்றில் எண்ணிக்கை குறைந்த 46 ஆண்களைப் பிரித்து ஒரு பகுதிக்கு வேர்ச் சாறு நாளுக்கு 675 மி.கி. வீதம் 90 நாள் கொடுத்தார்கள், எண்ணிக்கையும் அசைவும் நன்றாகவே உயர்ந்தன. நம்பிக்கை தருகிறது, ஆனால் ஆள் குறைவு, அவர்கள் எண்ணியது விந்தணுவை, பிறந்த குழந்தைகளை அல்ல. பூனைக்காலிக்கு லக்னோ கிங் ஜார்ஜ் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு உண்டு, குழந்தையின்மைக்கு வந்த 75 பேருக்கு விதைப்பொடி நாளுக்கு 5 கிராம், மூன்று மாதம், ஹார்மோன்களும் விந்தும் தேறின. இதிலும் வெற்று மருந்துக் குழு இல்லை. பூனைக்காலி விதையில் எல்-டோப்பா இருக்கிறது, நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் அதே பொருள், அதனால் பாலில் வேகவைத்துத் தோல் நீக்கிச் சுத்தி செய்யாமல் தின்றால் குமட்டலும் தலைசுற்றலும் வரும். அமுக்கரா தூக்கத்தைக் கூட்டும், தைராய்டு ஹார்மோனை ஏற்றும், ஈரல் பாதித்த நோயாளிகளும் உண்டு. வண்டி ஓட்டும் உங்களுக்கு அமுக்கரா என்றால் இரவில் மட்டும், ஈரல் சோதனை பார்த்த பிறகு மட்டும்.

நெருஞ்சில் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றும் என்று ஜிம்காரர்கள் வாங்கித் தின்கிறார்கள். ஆரோக்கியமான ஆண்களிடம் நடந்த சோதனைகளில் அப்படி ஏறவில்லை. நெருஞ்சில் நல்ல சரக்குதான், நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் நான் நம்பிக் கொடுக்கிறேன், அதன் இடம் அது. நம் மணல்வெளியில் பெரிய முள்ளோடு வளரும் யானை நெருஞ்சில் வேறு செடி, தெரிந்திருக்கும், அதன் கொப்பைத் தண்ணீரில் விட்டுச் சுழற்றினால் வெண்டைக்காய்ச் சாறு மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். அந்தக் கொழகொழப்பைப் பார்த்துத்தான் "தாது கெட்டிப்படும்" என்று ஆட்கள் நம்புகிறார்கள். உடம்புச் சூட்டுக்கும் நீர் எரிச்சலுக்கும் குடிக்கலாம், குளிர்ச்சி. கவுண்ட் ஏறும் என்று நினைத்துக் குடிக்காதீர்கள்.

இப்போது உங்கள் காப்சூலை ஏன் திறக்க வேண்டாம் என்றேன் என்று சொல்கிறேன். லேபிளில் உள்ளதை எழுதியிருந்தீர்கள்: வேப்பிலை, பாகல், நாவல், சிறுகுறிஞ்சான், அமுக்கரா, பூனைக்காலி. இதில் வேம்பும் பாகலும் சர்க்கரைக்காகச் சேர்த்தவை. ஆனால் வேம்பு விந்தணுவுக்கு ஆகாது. வேப்பெண்ணெய் விந்தணுவை அசையவிடாமல் செய்வதைக் கண்டு அதைக் கருத்தடைப் பொருளாக்கவே இந்தியாவில் ஆய்வு நடந்திருக்கிறது, வேப்பிலை கொடுத்த எலிகளிலும் விந்தணு குறைந்தது. பாகல் பழச் சாறு கொடுத்த நாய்களின் விரையில் விந்தணு உற்பத்தி கெட்டதை 1970களிலேயே எழுதியிருக்கிறார்கள். இதெல்லாம் விலங்குகளில், பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தது, வாரத்தில் இரண்டு நாள் பாகற்காய்ப் பொரியல் சாப்பிடுபவர் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் செறிவாக்கிய சாற்றை மாதக்கணக்கில் விழுங்குவது பொரியல் இல்லையே. குழந்தைக்கு முயற்சி செய்யும் ஆணுக்கு, ஒரே காப்சூலில் ஏற்றுவதையும் இறக்குவதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இது கற்பனைப் பயம் இல்லை. பப்பாளி விதைச் சாறு கொடுத்த லங்கூர் குரங்குகளின் விந்தில் அணுவே இல்லாமல் போனதை ஜெய்ப்பூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள், நிறுத்திய பிறகு திரும்பி வந்தது. பருத்திக்கொட்டையில் உள்ள காசிப்பாலை 1970களில் சீனாவில் ஆயிரக்கணக்கான ஆண்களுக்குக் கருத்தடை மாத்திரையாகவே கொடுத்துப் பார்த்தார்கள், அணு குறைந்தது, ஆனால் உடம்பில் பொட்டாசியமும் குறைந்தது, சிலருக்கு நிறுத்திய பிறகும் விந்தணு திரும்பவே இல்லை, அதனால் கைவிட்டார்கள். செடியால் குழந்தைப்பேற்றைக் கெடுக்கவும் முடியும், இதை மறந்துவிட்டு "மூலிகைதானே, பக்க விளைவு இல்லை" என்று ஒருவர் சொன்னால் அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

காப்சூலுக்குள் லேபிளில் இல்லாததும் இருக்கலாம். சர்க்கரைக்கான மூலிகைப் பொடிகளில் கிளிபென்கிளமைடும், ஆண்மைக்கானவற்றில் சில்டெனாஃபிலும் (வயாகராவில் உள்ள மருந்து) கலந்து விற்றுப் பிடிபட்டது பல நாடுகளில் நடந்திருக்கிறது. சாப்பிட்ட இரண்டாம் நாளே "அற்புதமான பலன்" தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள், செடி அவ்வளவு வேகமாக ஓடாது. இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் தெரியாமல் சில்டெனாஃபில் கலந்ததைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவும் ஆண்மைக்குறைவும் பெயர் சொல்லியே இருக்கின்றன, இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். உங்கள் டப்பாவில் உரிம எண் இருக்கிறதா, தொகுதி எண், காலாவதித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேச்சே வேண்டாம்.

கடல் சரக்கு பற்றியும் கேட்டிருந்தீர்கள். முன்பு மண்டபத்தையும் இப்போது கொச்சியையும் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கடற்பாசியிலிருந்து நீரிழிவுக்கான சாற்றுக் காப்சூல் ஒன்றை உருவாக்கி வெளியிட்டிருப்பது உண்மை. அதைக் கேட்டுவிட்டுக் கரையில் ஒதுங்கும் கட்டக்கோரையையும் பக்கோடா பாசியையும் அள்ளி வந்து கொதிக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அவர்கள் பிரித்துச் சுத்தம் செய்து செறிவாக்கியது வேறு, நீங்கள் கொதிக்க வைப்பது வேறு. பாசி கடல்நீரிலிருக்கும் அயோடினையும் ஆர்செனிக் போன்றவற்றையும் தன்னுள் சேர்த்துக்கொள்ளும், அதிக அயோடின் தைராய்டைக் கெடுத்தால் விந்தணுவும் சேர்ந்து கெடும். கடல் அட்டை, கடல் குதிரை சூப் குடித்தால் வீரியம் என்பதற்கு நல்ல மனித ஆதாரம் எதுவும் கிடையாது, இரண்டும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன, வைத்திருந்தாலே ஜெயில். நம் பிள்ளைகள் எத்தனை பேர் அதில் மாட்டி வழக்குக்கு அலைகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். இந்த வாரமே சர்க்கரை மருத்துவரைப் பாருங்கள், 9.1க்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை பெரும்பாலும் போதாது, அளவைக் கூட்டுவதா வேறொன்று சேர்ப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும். விந்துப் பரிசோதனையை, அதற்குமுன் இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்து, இன்னொரு முறை செய்யுங்கள், ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாரையும் முடிவு கட்டக் கூடாது, காய்ச்சல் வந்து போன இரண்டு மாதத்துக்குக்கூட எண்ணிக்கை குறைந்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம், மொத்த அசைவு 42 சதவீதம். உங்களுடையது குறைவு, ஆனால் நம்பிக்கை இழக்கும் எண் இல்லை. சிறுநீரியல் மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்) விரையில் நரம்புச் சுருட்டு, அதாவது ரத்தக் குழாய் புடைத்துச் சுருண்டிருக்கும் வேரிகோசீல், இருக்கிறதா என்று கேளுங்கள், குழந்தையின்மைக்கு வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்காவது அது இருக்கும், இருந்தால் எந்தச் சூரணமும் அதை எடுக்காது. யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னால் மறுத்துவிடுங்கள், வெளியிலிருந்து அது வந்தால் உடம்பு தன் விந்தணு உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும்.

விரை உடம்பின் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குளிர்ந்திருந்தால்தான் வேலை செய்யும். நீங்கள் நாளெல்லாம் சூடான சீட்டில் உட்காருகிறீர்கள், அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள், இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம், அறையில் கைலி போதும். சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சோற்றைப் பாதியாக்கி மீனைக் கூட்டுங்கள், பொரித்தது வேண்டாம், குழம்பு மீன். மூலிகை வேண்டும் என்று மனம் கேட்டால் தினமும் இரண்டு தேக்கரண்டி வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிடுங்கள், முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள். ஈரல் சோதனை ரிப்போர்ட்டோடு நேரில் வந்தால் சர்க்கரை சேராத அமுக்கராத் தனிச் சூரணம் 90 நாளுக்கு எழுதித் தருகிறேன், அதற்குமேல் என் கையில் எதுவும் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், திரும்பிப் போகும் முன் மகப்பேறு மருத்துவரிடம் விந்தணுவை உறையவைத்துச் சேமிப்பது பற்றிப் பேசுங்கள். ஆனால் இப்போது சேமிப்பது 9.1 சர்க்கரையில் உருவான அணு. சர்க்கரை இறங்கி மூன்று மாதம் ஆன பிறகு பத்து நாள் விடுப்பில் வந்து கொடுக்க முடியுமா என்று உங்கள் முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள், நீங்கள் அங்கே வண்டி ஓட்டும்போதும் இங்கே சிகிச்சை நடக்கும். மச்சான், மாமா யார் கேட்டாலும் உங்கள் மனைவி மேல் பழி விழாதபடி "குறை என்னிடம், மருந்து சாப்பிடுகிறேன்" என்று நீங்களே சொல்லுங்கள். நான்கு வருடமாக அந்தப் பெண் ஊரில் தனியாக நின்று எத்தனை பேச்சுக் கேட்டிருப்பார்.

கடைசியாக ஒன்று. யார் அன்பாகக் கொடுத்தாலும் லேகிய டப்பாவைப் பெட்டியில் வைத்து விமானம் ஏறாதீர்கள். ஆண்மை லேகியங்கள் பலவற்றில் கசகசா இருக்கும், சவுதியில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், ஜாதிக்காய்க்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. மெட்ஃபார்மினை மட்டும் டாக்டர் சீட்டோடு, கடை அட்டை கிழியாமல், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.